பத்தியமும் வழியும்

‘பத்தியம்’ என்றதுமே நம் நினைவுக்கு வருவன விலக்குகள்தாம். புளி ஆகாது, அகத்திக்கீரை ஆகாது, மீன் கூடவே கூடாது! ராயபுரத்துக்காரனுக்கு மீனில்லாத சோறு தண்டனையன்றி வேறென்ன? ஆனால், அச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் அது அத்தனை கடுமையானதன்று என்பது விளங்கும்.

வடமொழியில் ‘பத’ என்றால் வழி. ‘பத்ய’ என்றால் வழிக்கு உரியது, உடலுக்கு ஏற்றது. அதுவே தமிழில் பத்தியமாயிற்று. மேல்நாட்டிலோ, கிரேக்கர் வாழும் முறையைத் ‘தியைத்தா’ என்றனர். அச்சொல் இலத்தீனில் புகுந்து, இத்தாலியில் ‘தியேத்தா’ என்றும், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘டயட்’ என்றும் ஆயிற்று. வேர்கள் வேறு, கருத்து ஒன்று. இரண்டும் பட்டினியைக் குறிக்கவில்லை. வாழும் வழியையே குறித்தன.

வள்ளுவரும் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தில் எந்த மூலிகையின் பெயரையும் சொல்லவில்லை. முன்பு உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதையே பெரிதும் வற்புறுத்துகிறார்.

நம் தாய்மார்களும் இதை அறிவார்கள். என் அக்காள் பிள்ளை பெற்றிருந்தபோது, அம்மா காசிமேட்டிலிருந்து பால்சுறா வாங்கி வந்து, பூண்டும் மிளகும் சேர்த்துப் புட்டு செய்து கொடுத்தார். “இதுதாண்டி பத்தியம், நல்லா சாப்பிடு” என்றார். விலக்குவது மட்டுமா பத்தியம்? வேண்டியதை ஊட்டுவதும் பத்தியமே.

தமிழில் ‘வழி’ என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. “சோற்றுக்கு வழியில்லை” என்கிறோமே, அந்த வழி! ஐதர் அலியுடன் நடந்த போரை ஒட்டிப் பஞ்சம் வந்தபோது, 1782இல் மணியக்காரர் சத்திரம் தோன்றிப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தது. அதையொட்டி 1799இல் எழுந்த மருத்துவமனையே பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. வடசென்னை முதியவர்களுக்கு அது இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’தான். முதலில் கஞ்சி, பிறகு மருந்து. என்ன பொருத்தமான வரிசை!

எங்கள் தெருவிலிருந்து எண்ணூருக்கு வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவருக்குச் சர்க்கரை நோய். “வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்” என்கிறார் மருத்துவர். அவருக்கோ ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு. அவர் எந்த வேளையை வேளை என்று கொள்வார்? காய்கறியும் பழமும் வாங்கச் சொல்கிறார்கள். கூலியில் வாடகை போக மிஞ்சுவது எவ்வளவு?

ஆகவே, நோயாளியைப் பார்த்து “வாயைக் கட்டு” என்று சொல்லுமுன், அவருக்கு வழி இருக்கிறதா என்று கேட்போம். நாளை மருத்துவராகவும் அதிகாரியாகவும் ஆகப்போகும் நண்பர்கள் இதனை மறவாதிருக்க வேண்டும். வழியைக் காட்டாமல் பத்தியம் மட்டும் சொல்வது, அச்சொல்லின் பொருளுக்கே பொருந்தாது.