மீனுக்கு உகந்த ஒளி

ஜப்பான் நாட்டைச் சார்ந்த கியூசூத் தீவின் கிழக்குக் கரையில் ஒயிட்டா என்னும் மாவட்டம் அமைந்துள்ளது. அங்கே கடலோரக் கொட்டகைகளில் பெரிய தொட்டிகளைக் கட்டி, கடல்நீரை ஏற்றி, ஹிராமே என்னும் தட்டைமீனை வளர்க்கின்றனர். தமிழகக் கடற்கரையில் எருமைநாக்கு என வழங்கும் மீனும் தட்டைமீன் இனத்தைச் சார்ந்ததே. இவ்வின மீன் குஞ்சாய் இருக்கும்போது ஏனைய மீன்களைப் போலவே இருபுறமும் கண்ணுடையது. வளர வளர ஒரு கண் மறுபுறத்துக்கு நகர்ந்துவிடும். பின்னர் அது கடலடியில் ஒருபக்கமாகப் படிந்து வாழும்.

இம்மீனை வளர்ப்பவனுக்கு நாள்தோறும் செலவு உண்டு. இரவும் பகலும் நீர் இறைக்க வேண்டும். இரை வாங்க வேண்டும். கோடை வெப்பத்தில் நோய் பற்றாமல் காக்க வேண்டும். மீன் விற்கும் பருவம் எய்த ஓராண்டளவு ஆகும். அதுவரை அவன் கையிலிருந்து பணம் போகுமேயன்றி வருவதில்லை. ஒரு திங்கள் குறைந்தாலும் அவன் குடும்பத்துக்கு அது பேருதவி அன்றோ?

இத்துறையில் கிடசாட்டோ பல்கலைக்கழக அறிஞர்கள் ஒரு புதுவழி கண்டனர். மாட்சுகவா முதலிய தட்டைமீன்களைப் பல நிற விளக்குகளின்கீழ் வளர்த்துப் பார்த்தனர். பச்சை ஒளியில் வளர்ந்தவை விரைந்து பருத்தன. தொட்டியின் அடியில் அசையாது கிடப்பதை விட்டு நீந்தித் திரிந்தன. இரையையும் மிகுதியாக உண்டன. ஒயிட்டா வளர்ப்பாளரும் தம் தொட்டிகளின்மேல் பச்சை விளக்குகளை ஏற்றினர். காத்திருக்கும் காலம் சில திங்கள் குறைந்தது.

இதற்குக் காரணம் யாது? கதிரவன் ஒளி பல நிறங்களின் கூட்டு. அது கடலுள் புகும்போது எல்லா நிறங்களும் ஒரே ஆழம் செல்வதில்லை. தெளிந்த நீரிலும் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்துக்குள் செந்நிறத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும். நெடுங்கடலில் நீலம் ஆழமாகச் செல்லும். நுண்ணுயிர்கள் மிதக்கும் கரையோர நீரிலோ பச்சையே நெடுந்தொலைவு இறங்கும். ஆகவே, தட்டைமீன் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு பச்சை ஒளி படர்ந்த வீடு. அவ்வொளியில் வளர்ந்த மீனின் மூளையில், பசியோடு தொடர்புடைய இயக்குநீர் ஒன்று மிகுவதற்கான அறிகுறியையும் அறிஞர் கண்டனர்.

எனின், பச்சை விளக்கு எல்லா மீனுக்கும் ஏற்றது எனக் கொள்ளலாமோ? அவ்வாறு கொள்வது பிழை. திலேப்பியா என்பது ஆப்பிரிக்க நன்னீர் மீன். அதனைக் குறுகிய இடத்தில் அடைத்துவைத்து ஆராய்ந்த பிரேசில் நாட்டு அறிஞர்கள், 2001ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். வெள்ளை ஒளியிலும் பச்சை ஒளியிலும் இருந்த மீன்களின் குருதியில் துன்பத்தைக் காட்டும் இயக்குநீர் மிகுந்தது. நீல ஒளியில் இருந்தவற்றில் அவ்வாறு மிகவில்லை.

நெல்லுக்குத் தேங்கும் நீர் எள்ளுக்கு ஆகாது. பயிரின் இயல்பறிந்து உழவன் நீர் பாய்ச்சுகிறான். மீனின் இயல்பறிந்து வளர்ப்போன் ஒளி பாய்ச்சுதல் வேண்டும். அம்மீன் எங்கே வாழ்ந்தது, எவ்வொளியைக் கண்டு வளர்ந்தது என்று முதலில் கேட்டறிவோனுக்கு ஊதியமும் சேரும். அவனை அண்டிய உயிரும் துன்பமின்றி வளரும்.