அடிப்பூச்சு

பழவேற்காட்டு ஏரியின் உப்புக்காற்று எங்கள் வீட்டுச் சாளரக் கம்பிகளை மட்டுமன்றி, என் தந்தையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தையும் அரித்துவந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான வண்டி வகை அது. அவ்வாலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டதால், துரு தின்ற கதவிற்கு ஈடாகப் புதுக்கதவு வாங்க வழியில்லை.

தந்தை மறைந்தபின், தங்கையின் திருமணத்திற்குள் அவ்வண்டிக்குப் புது வண்ணம் ஏற்ற விரும்பினேன். ஒரு பட்டறையில் பத்தே நாளில் முடித்துத் தந்தனர். மணநாளன்று வண்டி கண்ணாடிபோல் மின்னியது. அடுத்த மழைக்காலத்திலேயே கதவின் அடிப்பகுதியில் கொப்புளங்கள் எழுந்தன. நகத்தால் கீறினேன், வண்ணத்தோடு துருவும் உதிர்ந்தது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அருகில் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். எந்த வண்ணம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "அடியில் என்ன பூசினார்கள், தம்பி?" என்றே கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

இரும்பும் நீரும் உயிர்வளியும் கூடுமிடத்தில் துரு பிறக்கும். உப்பு அதனை விரைவுபடுத்தும். முன்னவர்கள் துருவை நீக்காமலேயே பட்டியிட்டு மூடியிருந்தனர். பட்டி நுண்துளைகள் உடையது, ஈரத்தை உறிஞ்சும். எனவே தகட்டை இறுகப் பற்றி ஈரத்தைத் தடுக்கும் எபாக்சி பிரைமரை முதலில் பூச வேண்டும் என்றார் அவர். அதன்மேல் பட்டி, பின்னர் மேற்பரப்பைச் சமன்செய்யும் பிரைமர், இறுதியில்தான் வண்ணம்.

துரு துளைத்த பகுதிகளை வெட்டி, புதுத்தகடு பற்றவைத்தார். வெள்ளிபோல் இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தோம். தின்னர் நனைத்த துணியால் துடைத்தோம். மகிழ்ச்சியில் நான் கதவைத் தடவிவிட்டேன். "விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப்பசை நிற்கும், பிரைமர் பிடிக்காது" என்று மீண்டும் துடைக்கச் செய்தார்.

அன்று மாலை வானம் கறுத்தது. வெறும் தகட்டை ஓரிரவு விட்டாலும் துரு படியும். ஈரக்காற்றில் பூசினாலோ பூச்சு பழுதாகும். விரைந்து பூசிவிடலாமே என்றேன். அவர் பிரைமரில் கடினமாக்கியைக் கலக்கவே இல்லை. "நாளை மறுபடியும் தேய்ப்போம், தம்பி" என்று கைகளைக் கழுவினார். கூலி கூடவில்லை, உழைப்பே கூடியது.

வண்டிக்கு வெண்ணிறம் ஏறி நான்கு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. காண்போர் அதன் பளபளப்பைப் பாராட்டுகின்றனர். நானோ ஒவ்வொரு மழைக்கும் பின்னர், குனிந்து கதவின் அடிப்பகுதியைத் தடவிப் பார்க்கிறேன். இன்னும் ஒரு கொப்புளமும் எழவில்லை.