கீரை விதையும் தைல மரமும்

வல்லத்திராக்கோட்டையிலிருந்து வெளிநாடு போவது என்றால் ரொம்பக் காலம் அது இளவட்டங்களின் பயணம். சிங்கப்பூர், மலேசியா, பிறகு துபாய், குவைத். நகையை அடகு வைத்து ஒரு பையனை ஏற்றி அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். கடுதாசி வரும், பணம் வரும், பிற்பாடு போன் வந்தது. இப்போது திருச்சி விமான நிலையத்தில் போய்ப் பாருங்கள். அறுபதைத் தாண்டிய புருஷன் பெண்டாட்டிகள் கையில் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். மகளுக்குப் பிரசவம், இல்லையென்றால் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வளையல் போட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம். எங்கள் மகளுக்கு வேலை சிட்னியில், ஆஸ்பத்திரிப் பதிவும் அங்கேதான். நிறைமாதத்தில் விமானத்தில் ஏற்றவும் மாட்டார்கள். மகள் தாய்வீட்டுக்கு வர முடியாதபோது தாய்வீடுதான் மகளிடம் போக வேண்டும். இதை வருத்தமாகச் சொல்கிறவர்கள் ஊரில் உண்டு. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பெற்றவள் பக்கத்தில் இருக்கிறாளா என்பதுதான் கணக்கு, எந்தக் கூரைக்குக் கீழே என்பதல்ல.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, முட்டை எத்தனை என்று பதிவேட்டில் எழுதியே பழகிய கை. பயணத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டாள். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், பெருங்காயம் என்று பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சாமான் எல்லாம் எடையோடு ஏறின. கடைசி வரியில் அரைக்கீரை விதை, சிறுகீரை விதை. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கொல்லையில் இருந்த பலாவையும் தென்னையையும் சாய்த்துப் போட்டபோது, வெறிச்சென்று கிடந்த இடத்தில் அவள் பாத்தி கட்டி வளர்த்த கீரையிலிருந்து எடுத்த விதை அது. ஒரு துணியில் முடிந்து வைத்தாள்.

திருச்சி விமான நிலையம் எங்களுக்கு அந்நிய இடம் இல்லை. அது புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. திருச்சிக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்த இடம். 2024 ஜூனில் திறந்துவிடப்பட்ட புதிய முனையத்துக்குள் போனபோது, அந்தச் சாலையில் நாங்கள் அதுவரை போகாத ஒரு வாசலுக்குள் நுழைந்திருந்தோம், அவ்வளவுதான்.

சக்கர நாற்காலியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மகள் டிக்கெட் போடும்போதே எங்கள் இருவருக்கும் அதைக் கேட்டிருந்தாள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இது இப்போது சாதாரணம். விமானத்தின் வாசலில் வரிசையாக நாற்காலிகள் காத்திருக்கின்றன. அவற்றில் உட்காருகிறவர்களில் பலர் ஊரில் வரப்பு மேல் நடக்கிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய நிலையத்தில் எந்தப் பக்கம் திரும்புவது, அதிகாரி கேட்டால் என்ன சொல்வது, அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் யாரைக் கேட்பது என்ற பயம் அது. நாற்காலியைத் தள்ளுகிற ஆள் எல்லா இடத்தையும் கடத்திக் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்பதால் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கூட நடந்துவர, தங்கள் மொழி தெரிந்த ஒருவர். அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் நாற்காலிகள் உண்மையாகவே நடக்க முடியாதவர்களுக்கு உடனே கிடைக்கும்.

என் மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். "நடக்க முடியாதவங்களுக்கு அது வேணுமுங்க. நமக்குக் காலு இருக்குல்ல." சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில் விமானம் மாற வேண்டும். அங்கே வழிகாட்டிப் பலகைகளில் தமிழும் இருந்தது. அவள் தலையைத் தூக்கி ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டே முன்னால் போனாள். ஊரில் புதுக்கோட்டைக்குப் போவதென்றாலும் என்னோடுதான் வருவாள். அன்று நான் அவள் பின்னால் போனேன். ஒரு மொழி சுவரில் எழுதப்பட்டிருப்பது ஒரு மனுஷிக்கு எவ்வளவு தைரியம் கொடுக்கும் என்பதை அந்த நடையில் பார்த்தேன்.

சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். கரும்பலகையில் பூமத்திய ரேகையை வருஷா வருஷம் வரைந்தவன் நான். அதைத் தாண்டப்போகிறேன் என்பது மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சிங்கப்பூர் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே விமானம் அதைத் தாண்டிவிடும். முன்னிருக்கையின் திரையில் வரைபடத்தைப் போட்டு அவளுக்குக் காட்டினேன். "என்னங்க, கோடு தாண்டிருச்சா?" என்று கேட்டாள். தாண்டிவிட்டது என்றேன். ஜன்னலில் ஒன்றுமே தெரியாத இருட்டு. இருந்தாலும் எட்டிப் பார்த்தாள்.

இறங்குவதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். உணவு, செடி, விதை, மரச்சாமான் எதுவும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிற படிவம். எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று போடச் சொன்னாள். பக்கத்து இருக்கைக்காரர் இல்லை என்று போட்டுவிட்டால் சீக்கிரம் போகலாம் என்றார். மறைத்துக் கொண்டுபோனால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும் என்பது எனக்குத் தெரியும். அவள் அதற்காகச் சொல்லவில்லை. இருப்பைச் சரியாகச் சொல்வது அவளுடைய வேலைப் பழக்கம்.

நீளமான மேஜையில் பெட்டியைத் திறந்தார்கள். இளம் வயது அதிகாரி ஒருவர். அவள் நோட்டை நீட்டினாள். மகள் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயரும் எழுதியிருந்தாள். அவர் வரி வரியாகப் பார்த்து, பொட்டலம் பொட்டலமாக எடுத்து வைத்தார். சுக்கும் மிளகும் தேறின. துணி முடிச்சை அவிழ்த்ததும் நிறுத்தினார். மன்னிப்புக் கேட்கிற குரலில், இதை உள்ளே விட முடியாது என்றார். அவள் தானே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வெளியே நடக்கும்போது, அதை என்ன செய்வார்கள் என்று கேட்டாள். அழித்துவிடுவார்கள் என்றேன். கொஞ்சம் பேசாமல் வந்தாள். பிறகு, "அவங்க மண்ணு, அவங்க பயம்" என்றாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1859-ல் வேட்டைக்கு ஆகும் என்று விக்டோரியாவில் ஒருவர் இரண்டு டஜன் முயல்களைத் திறந்துவிட்டார். அவை பெருகி அந்தக் கண்டத்தின் புல்வெளியை மொட்டையாக்கின. வேலிக்காகவும் சாயப்பூச்சிக்காகவும் கொண்டுவந்த சப்பாத்திக்கள்ளி 1920-களில் சுமார் 6 கோடி ஏக்கரை மூடியது. விவசாயிகள் வீட்டையும் நிலத்தையும் போட்டுவிட்டுப் போனார்கள். அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்துதான் அதை அடக்கினார்கள். 1935-ல் கரும்பு வண்டைத் தின்னும் என்று இறக்கிய தேரை இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. இத்தனையும் பட்டவர்கள் ஒரு பிடி கீரை விதையைச் சந்தேகப்படுவது நியாயம்.

மறுநாள் விடியற்காலை மகள் வீட்டுக் கதவைத் திறந்தபோது எங்கள் ஊர் வாசம் அடித்தது. நான் மிகையாகச் சொல்லவில்லை. வல்லத்திராக்கோட்டையைச் சுற்றி, புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க, மழை பெய்து ஓய்ந்த பிறகு காற்றில் வருகிற அதே தைல மர வாசம். மகள் இருப்பது சிட்னியின் மேற்குப் பகுதியில், பாரமட்டாவுக்குப் பக்கத்தில். அங்குள்ள பெரிய பூங்காவில் நடக்கப் போனோம். என் மனைவி கீழே கிடந்த இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, "நம்ம காடுதாங்க" என்றாள்.

அது உண்மைதான். மேற்கு சிட்னியின் பழைய காட்டில் முக்கியமான மரங்களில் ஒன்று, நம் ஊரில் 'மைசூர் கம்' என்ற பெயரில் பரவிய தைல மரத்தின் மூல இனம். திப்பு சுல்தான் காலத்தில், 1790 வாக்கில், நந்தி மலைக்கு வந்த மரம் இது என்பார்கள். 1843-ல் நீலகிரியில் விறகுக்காக நட்டது தைல மரத்தின் வேறொரு இனம். புதுக்கோட்டைச் செம்மண்ணுக்கு மைசூர் கம் வந்தது பிற்பாடு, காகிதக் கூழுக்காக. அதை எங்கள் ஊரில் நட்டபோது எந்த மேஜையிலும் யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

ஆனால் பாரமட்டாவில் நான் பார்த்த மரம் எனக்குத் தெரிந்த மரம் அல்ல. இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம். மேலே கிளை ஒடிந்த இடத்தில் பெரிய பொந்து, அதில் வெள்ளைக் கொண்டைக்கிளி. அப்படி ஒரு பொந்து உண்டாக நூறு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று பூங்காப் பணியாளர் சொன்னார். அந்த மண்ணின் பூர்வகுடிகள் படகுக்கும் கேடயத்துக்கும் பட்டை உரித்தெடுத்த தழும்போடு சில மரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. எங்கள் ஊரில் தைல மரத்துக்கு வயதே ஆவதில்லை. ஆறேழு வருஷத்தில் வெட்டுகிறோம். கட்டை துளிர்க்கிறது, மறுபடி வெட்டுகிறோம். நெருக்க நெருக்கமாக, கோடு போட்ட மாதிரி நிற்கிற அந்தக் காட்டில் பறவைக் கூடு எதையும் நான் பார்த்ததில்லை.

என் மனதைக் குடைந்தது மழைக் கணக்கு. புதுக்கோட்டையில் வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் பெய்கிறது. மேற்கு சிட்னியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அங்கே அது பன்னிரண்டு மாதமும் பங்கு போட்டுப் பெய்கிறது. எங்களுக்குக் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர்கள் ஆயிரக்கணக்கில் கண்மாயும் ஏந்தலும் ஊரணியும் வெட்டினார்கள். மேட்டுக்காட்டிலிருந்து வரத்துவாரி வழியாகத் தண்ணீர் இறங்கினால்தான் கண்மாய் நிறையும். அந்த மேட்டுக்காடுதான் தைல மரக்காடாகிவிட்டது. வரிசைக்கு வரிசை வரப்பு போட்டு மழைத் தண்ணீரை அங்கேயே நிறுத்துகிறார்கள், கண்மாய்க்கு இறங்குவதில்லை. அதன் பிறகு ஆழ்துளைக் கிணறு ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் கீழே போகிறது. மரத்தின் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. அதன் சொந்த மண்ணில் அதைப் பார்த்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. அதை இங்கே கொண்டுவந்து நட்ட முறையைப் பற்றிய கேள்விதான் மிஞ்சியது.

புதுக்கோட்டையிலிருந்து சிட்னிக்குப் போய் வாழ்ந்த தம்பதி எங்களுக்கு நூறு வருஷம் முன்னாலேயே இருந்தார்கள். எங்கள் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆங்கில அரசு மோலியை ராணியாக ஏற்கவில்லை. புதுக்கோட்டையில் சில மாதங்கள் இருந்துவிட்டு இருவரும் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பி சிட்னியில் தங்கினார்கள். 1916-ல் அங்கே பிறந்த மகனுக்கு அந்த ஊரின் பெயரையும் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி என்று வைத்தார்கள். ராஜா 1928-ல் பாரிசில் இறந்தார், லண்டனில் தகனம் நடந்தது. சிட்னித் துறைமுகத்தில் படகில் போகும்போது இதை மனைவிக்குச் சொன்னேன். "பொறந்த மண்ணுக்கு வரவே விடலையா?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. எங்கள் வீடுகளில் தொண்டைமான்களின் குலதெய்வமான பிருகதாம்பாளைக் கும்பிடும்போது அந்த ராஜ குடும்பமும் நினைவில் வரும். அவர் கதையை அவர் நடந்த ஊரில் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பேத்தி ஜூன் மாதக் குளிரில் பிறந்தாள். தென் அரைக்கோளத்தில் ஜூன் குளிர்காலம் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். வெயில் வடக்கு ஜன்னல் வழியாகத்தான் வரும் என்பதை, குழந்தையை எண்ணெய் தேய்த்து அங்கே கொண்டுபோய்க் காட்டுகிற மனைவியைப் பார்த்துத்தான் முழுதாக உணர்ந்தேன். வீட்டுக்கே வந்த மருத்துவச்சி, குழந்தையின் எடையையும் உயரத்தையும் எழுத ஒரு நீலப் புத்தகம் கொடுத்திருந்தார். அந்தப் புத்தகம் என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கீரை, பக்கத்துத் தமிழ்க் கடையில் கிடைத்தது. பத்தியச் சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, அக்டோபர் 2 கிராம சபையில் பேசினேன். மரத்தை ஒரே நாளில் வெட்டச் சொல்லவில்லை. வரத்துவாரிகளை அளந்து மீட்க வேண்டும், அடுத்த வெட்டுக்குப் பிறகு வேம்பும் புங்கையும் இலுப்பையும் முந்திரியும் வைக்க வேண்டும் என்றேன். பெரியவர் ஒருவர் எழுந்து, "அந்த ஊருல இது தண்ணி குடிக்கலையா வாத்தியாரே?" என்று கேட்டார். குடிக்கிறது, அங்கே அதற்கென்று வருஷம் முழுக்கத் தண்ணீர் வருகிறது, கண்மாயை நம்பி யாரும் கீழே காத்திருக்கவில்லை என்று மழைக் கணக்கைச் சொன்னேன்.

என் மனைவி அதற்கு முன் கிராம சபையில் பேசியதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "ஒரு முடிச்சு கீரை வெதைக்கு அங்க அத்தனை விசாரணை பண்ணுனாங்க. நம்ம ஊரு காட்டுல எதை நடுறதுன்னாலும் முதல்ல இந்தச் சபையில கேக்கட்டும்" என்றாள். வரத்துவாரிக் கோரிக்கைக்குக் கீழே அதையும் தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.