வெளியேறாத கோது

கடந்த வாரம் பழைய செய்தி நறுக்குகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, 1996ஆம் ஆண்டு நான் எழுதிய நீதிமன்றச் செய்தியொன்று கையில் அகப்பட்டது. ‘துப்பாக்கி வெடிக்கவில்லை: நிபுணர் சாட்சியம்’ என்பது தலைப்பு. அதற்கு மறுவாரம் வெளிவந்த நான்கு வரித் திருத்தமும் அதனோடு ஒட்டப்பட்டிருந்தது. முப்பதாண்டுகளை அண்மிக்கும் என் பத்திரிகை வாழ்வில் நான் மறக்க விரும்பிய தலைப்பு அது.

அது மேல் நீதிமன்றமொன்றில் நடைபெற்ற கொலை முயற்சி வழக்கு. 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியால் இளைஞர் ஒருவர் சுடப்பட்டிருந்தார். முதற் சூடு தோளைத் துளைத்தது. இரண்டாவது முறை விசையை அழுத்தியபோது வேட்டுத் தீரவில்லை. சுட்டவர் துப்பாக்கியை வீசிவிட்டு ஓடிவிட்டார். வெற்றுக் கோது வெளித்தள்ளப்படவில்லை என்று நிபுணர் ஆங்கிலத்தில் கூறியதை, துப்பாக்கி வேலை செய்யவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் தமிழாக்கினார். நானோ அதனை மேலும் சுருக்கி ‘வெடிக்கவில்லை’ என்று எழுதினேன். கலைப் பட்டதாரியான எனக்கு அன்று இரண்டும் ஒன்றாகவே தோன்றின.

மூன்றாம் நாள் இளைஞரின் தாயார் அலுவலகத்துக்கு வந்தார்.

“தம்பி, நீங்களோ இதை எழுதினது? வெடிக்காத துவக்காலையோ என்ர பிள்ளையின்ர தோளிலை ஓட்டை விழுந்தது? நாங்கள் பொய் வழக்குப் போட்டிருக்கிறம் எண்டு சந்தையிலை சனம் கதைக்குது.”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று மாலையே, ஆயுதக் களஞ்சியத்தில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஒருவரைத் தேடிச் சென்றேன். அவர் மேசையில் ஒரு பேனாவையும் அதன் மூடியையும் வைத்து எனக்கு விளக்கினார்.

ரவை வெடித்ததும் அதன் பின்னுதைப்பில் துப்பாக்கியின் மேற்பகுதி பின்னோக்கி நகர்கிறது. அதிலுள்ள சிறு கொக்கியொன்று வெற்றுக் கோதின் விளிம்பைப் பற்றிக் குழலறையிலிருந்து இழுத்து வருகிறது. பின்னால் அசையாது நிற்கும் முளையொன்று கோதின் மறுபக்கத்தைத் தட்ட, அது பக்கவாட்டுத் துவாரத்தினூடாக வெளியே எறியப்படுகிறது. பிறகு சுருள்வில் மேற்பகுதியை முன்னே தள்ள, ரவைக்கூட்டிலிருந்து அடுத்த ரவை ஏறுகிறது. கண் இமைக்கும் பொழுதுக்குள் இவ்வளவும் நடந்துவிடும். மேற்பகுதி போதிய விசையோடு பின்செல்லாவிட்டால், வெளியேற வேண்டிய கோது துவாரத்திலேயே சிக்கி நிமிர்ந்து நிற்கும். அது அடுப்பின் புகைக்குழாய் போலத் தோன்றுவதால் ஆங்கிலத்தில் அதனை ‘ஸ்டோவ்பைப்’ என்பார்கள்.

“கன பேர் உடனே துவக்கைத்தான் குற்றம் சொல்லுவினம். முதலிலை ரவையைப் பாருங்கோ. பிறகு பிடிச்ச கையைப் பாருங்கோ. கடைசியிலைதான் துவக்கு” என்றார் அவர்.

வலுக்குறைந்த ரவை மேற்பகுதியை முழுமையாகத் தள்ளாது. மணிக்கட்டுத் தளர்ந்திருந்தால் துப்பாக்கி முழுவதும் கையோடு பின்வாங்கிவிடும். மேற்பகுதி ஓடுவதற்குரிய விசை வீணாகும். இவ்விரண்டும் இல்லையெனில் கொக்கியின் அடியில் படிந்த கரியையும் அழுக்கையும் பார்க்கவேண்டும். அதன்பின் கொக்கியின் நுனி தேய்ந்துள்ளதா, முளை உடைந்துள்ளதா, சுருள்வில் அளவுக்கு மீறி விறைப்பானதா என்று ஆராயவேண்டும். நன்கு இயங்கும் துப்பாக்கி கோதுகளைச் சில அடி தூரத்துக்கு எறியும். அவை காலடியிலேயே விழத் தொடங்கினால் அது முன்னெச்சரிக்கை.

அப்போதுதான் நிபுணரின் எஞ்சிய சாட்சியம் எனக்குப் புரிந்தது. பரிசோதனையில் அதே துப்பாக்கி பலமுறை தடையின்றிச் சுட்டிருந்தது. சிக்கிய கோதில் சுடும் ஊசியின் தடமும் கொக்கியின் கீறலும் இருந்தன. 1929இல் சிக்காகோவில் நடந்த சென் வலன்டைன் தினப் படுகொலையில், கல்வின் கொடார்ட் என்ற நிபுணர் சுடுகருவிகளை அடையாளங்கண்டதும் இத்தகைய தடங்களைக் கொண்டுதான். சிக்கிய கோது, துப்பாக்கி வெடித்தது என்பதற்கான சாட்சி. நானோ அதனையே வெடிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக்கியிருந்தேன். இரண்டாவது ரவையைத் தடுத்தது பெரும்பாலும் சுட்டவரின் நடுங்கிய கையாக இருக்கலாம் என்றார் சார்ஜன்ட். அந்த இளைஞர் உயிர்தப்பியது அதனால்தான்.

திருத்தம் உள்பக்கத்தின் மூலையில் வெளிவந்தது. முதற் செய்திக்குக் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்கவில்லை. தாயார் வந்து இரண்டு பிரதிகள் வாங்கினார்.

“ஒண்டு வீட்டுக்கு. மற்றது சந்தையிலை காட்ட” என்றார்.

சில மாதங்களின் பின் எதிரி குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அதில் என் பேனாவுக்கு எந்தப் பங்கும் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை, எனக்கு விளங்காத சொல்லொன்றை நிபுணர் உச்சரித்தால், அதன் பொருளைக் கேட்டறியாமல் நான் நீதிமன்ற வளவை விட்டு வெளியேறியதில்லை.