திராட்சை மேல பழி போடாதீங்க

"வீஸிங் இருக்கா? திராட்சை குளிர்ச்சி, தொடவே கூடாது." கம்பம் பள்ளத்தாக்குல இந்த அறிவுரையைக் கேட்காத ஆஸ்துமாக்காரங்க குறைவு. ஊரைச் சுத்திப் பந்தல் பந்தலா பன்னீர் திராட்சை. 2023ல புவிசார் குறியீடு வாங்கின பழம். அங்க பழம் வெட்டப் போற ஒரு அக்கா, "வருஷக்கணக்கா ஒண்ணு கூட வாயில வச்சதில்ல சார்"னாங்க.

வீஸிங் திடீர்னு வந்த நாட்களைப் பத்திக் கேட்டேன். ரெண்டு தடவையும் கொஞ்ச நேரம் முன்னாடி சாப்பிட்டது கடையில வாங்கின மஞ்சள் கிஸ்மிஸ்! அதை நிறுத்தச் சொன்னேன். இன்னொரு நாள், மூச்சு நல்லா இருந்தப்போ, என் முன்னாடியே பன்னீர் திராட்சை சாப்பிட்டாங்க. ஒண்ணும் ஆகல.

காயுற திராட்சை பழுப்பாத்தான் மாறணும். நறுக்கி வச்ச கத்தரிக்காய் கறுக்குற அதே வேதிவினை. காஞ்ச பிறகும் பொன்னிறமா இருந்தா, பெரும்பாலும் சல்ஃபர் டை ஆக்ஸைடு புகை காட்டியிருப்பாங்க.

ஒரு சல்ஃபர், ரெண்டு ஆக்சிஜன். நேர்கோடா இல்லாம நடுவுல வளைஞ்ச மூலக்கூறு. சல்ஃபர்கிட்ட யாரோடயும் சேராத ஒரு ஜோடி எலக்ட்ரான் மிச்சம் இருக்கும். பழத்தோட ஈரத்துல கரைஞ்சதும் பைசல்ஃபைட் ஆகும். பழுப்பு நிறம் உருவாகுறதுக்கு முன்னாடியே அந்தப் பொருளைப் பிடிச்சு நிறமில்லாததா ஆக்கிடும். கொஞ்சம் சர்க்கரையோடயும் ஒட்டிக்கும். எதோடயும் ஒட்டாம மிஞ்சுறதுதான் தொந்தரவு. வயித்து அமிலம் பட்டா மறுபடி வாயுவாகி மேல வரும். அதை மூச்சுல இழுத்தா, ஒத்துக்காதவங்களுக்குச் சுவாசக்குழாய் சுருங்கும்.

எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆஸ்துமா உள்ளவங்கள்ல நூத்துக்கு 3 முதல் 10 பேர்னு ஒரு கணக்கு. ஆனா அவங்களுக்கு விளையாட்டில்ல. அமெரிக்காவுல சாலட்ல சேர்த்த சல்ஃபைட்டால உயிரே போயிருக்கு. 1986ல பச்சையாச் சாப்பிடுற காய்கனியில அதைத் தடை பண்ணாங்க.

(பந்தல்ல சாம்பல் நோய்க்குத் தூவுற கந்தகத்தூள் வேற. எரிச்சாத்தான் இந்த வாயு வரும். ஆனா தூவும்போது கண்ணும் மூக்கும் எரியும், முகக்கவசம் போடுங்க.)

ஆஸ்துமா இருந்தா பாக்கெட் பின்னாடி 220 முதல் 228 வரை ஏதாவது எண் இருக்கான்னு பாருங்க. எல்லாமே சல்ஃபைட் வகை. ஆப்ரிகாட், ஒயின், சில பாட்டில் ஜூஸ்லயும் இருக்கும். உதிரியா நிறுத்துத் தர்ற கிஸ்மிஸ்ல எண்ணைத் தேட முடியாது. பாயசத்துக்குக் கறுப்பு திராட்சை போதும். சாப்பிட்டதும் நெஞ்சு இறுகினா இன்ஹேலர் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. வரும்போது அந்தப் பாக்கெட்டையும் கொண்டு வாங்க.