பாறையில் பதிந்த வண்டித்தடம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள ஒகல்லாலாவிலிருந்து மேற்கே புறப்படும் 26ஆம் எண் நெடுஞ்சாலை, பெரும்பாலும் வடக்கு பிளாட் ஆற்றை ஒட்டியே வயோமிங் மாநிலத்தை நோக்கிச் செல்கிறது. அந்நாட்டிலுள்ள பிள்ளைகளைக் காணச் செல்லும் நம்மவர் பலர் நயாகராவைப் பார்த்த நிறைவோடு திரும்பிவிடுகின்றனர். வானமும் புல்வெளியுமே கண்ணுக்குத் தெரியும் இச்சாலைக்கு இரண்டு நாட்கள் ஒதுக்குவது வீணாகாது. புகழ்பெற்ற ஓரிகன் பாதை இங்கேதான் சென்றது.

மிசௌரியிலிருந்து ஓரிகன் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். 1843இல் ஏறக்குறைய ஆயிரம் பேர் ஒரே பருவத்தில் புறப்பட்டனர். 1869இல் கண்டத்தைக் கடக்கும் இரயில் பாதை முடிவதற்குள், ஓரிகன், கலிபோர்னியா, யூட்டா ஆகிய இடங்களை நாடி மூன்று இலட்சத்திற்கும் அதிகமானோர் இச்சமவெளியைக் கடந்தனர். கித்தான் கூண்டு போட்ட வண்டிகளை எருதுகள் இழுத்தன. வண்டி நிறைய மாவும் உப்பிட்ட இறைச்சியும் தட்டுமுட்டுச் சாமான்களும் இருந்தபடியால், மனிதர்கள் பெரும்பாலும் நடந்தே சென்றனர். நாளொன்றுக்கு 24 கிலோமீட்டர் சென்றால் நல்ல நாள். எருதுகள் தளர்ந்தபோது பாட்டியின் மர அலமாரியும் கனத்த பெட்டியும் பாதையோரத்தில் இறக்கப்பட்டன. பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுப் புறப்பட்ட எவருக்கும் இது விளங்கும்.

முதலில் வருவது ஆஷ் ஹாலோ. அதன் விண்ட்லாஸ் குன்றின் செங்குத்தான சரிவில், சக்கரங்கள் சுழலாதபடி பிணைத்து, பின்னாலிருந்து கயிற்றால் இழுத்துப் பிடித்து வண்டிகளை இறக்கினர். இன்று அக்குன்றில் ஏறிச்செல்ல நடைபாதை உண்டு. அதற்கப்பால் புகைபோக்கிப் பாறை தென்படும். பயணிகளின் நாட்குறிப்புகளில் மிகுதியாக இடம்பெற்ற அடையாளம் இதுவே. அதைக் கண்ட பின்பும், அருகே வந்துசேர அவர்களுக்குச் சில நாட்கள் பிடித்தன. நமக்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை. அடுத்துள்ள ஸ்காட்ஸ் பிளஃப் குன்றின் உச்சிக்கு மூன்று சுரங்கங்களைக் கடந்து கார் செல்லும். பாறைச் சரிவினால் வழி மூடப்படுவதும் உண்டு என்பதால் விசாரித்துச் செல்வது நலம்.

ஸ்காட்ஸ்பிளஃப் நகருக்கு வெளியே, இரயில் பாதைக்கு அருகில் ஒரு கல்லறை இருக்கிறது. யூட்டாவை நோக்கிச் சென்ற மார்மன் குடும்பத்தைச் சேர்ந்த ரெபெக்கா விண்டர்ஸ் என்னும் தாய், 1852 ஆகஸ்டு 15 அன்று வாந்திபேதியால் மரித்தார். உடன் வந்த நண்பர் ஒருவர் வண்டிச்சக்கரத்தின் இரும்புப் பட்டையில் அவர் பெயரையும் வயதையும் உளியால் பொறித்து, அதை வளைத்துத் தலைமாட்டில் நட்டார். 1995இல் கல்லறை சற்றுத் தள்ளி மாற்றி அமைக்கப்பட்டது. இரும்பு வளையம் இன்னும் நிற்கிறது. வாந்திபேதி கண்டவர் ஒரே நாளில் இறப்பதும் உண்டு. வழியோரம் புதைக்கப்பட்டோரில் பெரும்பாலோருக்கு ஓர் அடையாளமும் இல்லை.

அந்நகருக்கு மேற்கே ஹார்ஸ் கிரீக் என்னும் ஓடை ஆற்றோடு கலக்கிறது. இம்மண் ஒருபோதும் ஆளில்லாத மண்ணாக இருந்ததில்லை. வண்டிமாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்தன, காட்டெருமைகள் விலகிப்போயின, நோயும் பரவியது. 1851இல் லகோட்டா, செயென், அரபஹோ முதலிய பூர்வகுடியினர் ஏறத்தாழ 10,000 பேர் இவ்வோடையருகே கூடி அரசுடன் உடன்படிக்கை செய்தனர். ஆண்டுதோறும் 50,000 டாலர் மதிப்புள்ள பொருட்களை 50 ஆண்டுகளுக்குத் தருவதாக வாக்களிக்கப்பட்டது. பின்னர் செனட் சபை அந்த 50 ஆண்டுகளைப் பத்தாகக் குறைத்தது. அழகிய காட்சிகளைத் தேடிச் செல்வோர் இவ்விடத்தில் காரை நிறுத்துவது அரிது. நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

வயோமிங்கில் லாரமி கோட்டையைக் கடந்தால் கெர்ன்சி. ஊருக்குத் தெற்கே மணற்பாறையின்மேல் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, ஐந்தடி ஆழம்வரை தடம் பதித்துள்ளன. வளர்ந்த மனிதர் அதற்குள் இறங்கி நின்றால் பாறை மார்பளவுக்கு வருகிறது. இப்பயணத்தில் ஒன்றை மட்டுமே பார்க்க நேரமுண்டு என்றால் இதையே பார்க்கலாம். அதற்குமேல் நெடுந்தொலைவில், ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரையில் இண்டிபென்டன்ஸ் பாறை. ஜூலை 4க்குள் அங்கு சேர்ந்தால் பனிக்குமுன் மலைகளைத் தாண்டலாம் என்பது கணக்கு. வந்தோர் செதுக்கிய பெயர்களில் பல இன்றும் வாசிக்கத்தக்கவை.

பின்பு தெற்குக் கணவாய், 2,259 மீட்டர் உயரம். கணவாய் என்றவுடன் மலையிடுக்கை எதிர்பார்த்தால் ஏமாற்றமே, அகன்ற புதர்வெளிதான். நர்சிசா விட்மன், எலைசா ஸ்பால்டிங் என்னும் இரு மிஷனெரி மனைவியர் 1836 ஜூலை 4 அன்று இதைக் கடந்ததற்கு நினைவுக்கல் உண்டு. நர்சிசாவும் மருத்துவரான அவர் கணவர் மார்கஸும் இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் கயூஸ் மக்களிடையே ஊழியம் செய்தனர். 1847இல் தட்டம்மை பரவி கயூஸ் மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மடிந்தனர். வெள்ளையர் பிள்ளைகள் பிழைக்கத் தங்கள் பிள்ளைகள் சாவதைக் கண்டவர்களுக்கு மருத்துவர்மேல் ஐயம் பிறந்தது. விட்மன் தம்பதியர் உட்பட 13 பேர் கொல்லப்பட்டனர். 1850இல் கயூஸ் ஆண்கள் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். இரத்தசாட்சிகளின் வரிசையில் விட்மன் தம்பதியரை வாசித்தவர்கள், கயூஸ் தாய்மார் புதைத்த குழந்தைகளையும் சேர்த்தே வாசிப்பது நீதி.

கணவாய்க்கு மேற்கே சில கிலோமீட்டரில் பசிபிக் ஊற்றுகள். மேற்கு நோக்கி ஓடும் தண்ணீரைப் பயணிகள் முதன்முதலில் பருகியது அங்கேதான். ஓரிகனுக்கு இன்னும் பாதி வழி இருந்தது.