வரப்புப் புளியமரங்கள்

அண்டை வீட்டார் என்றதும் சுவரை ஒட்டி வாழ்பவரையே நாம் நினைக்கிறோம். அருள்மறையின் அந்நிஸா அத்தியாயம், 36ஆம் வசனம், அண்டையரை ஒரு வகையாக நிறுத்திவிடவில்லை. உறவான அண்டையர், அந்நியரான அண்டையர், பக்கத்தில் இருக்கும் தோழர் என்று விரித்துச் சொல்லி, அனைவருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறது. உழவுத் தொழில் புரியும் ஊர்களில் இன்னொரு அண்டையரும் உண்டு. அவர் வீடு எங்கோ இருக்கும். அவர் நிலம் நம் நிலத்தை ஒட்டி இருக்கும். நமக்கும் அவருக்கும் இடையே இருப்பது சுவரன்று, ஒன்றரை அடி வரப்பு. சுவரைத் தாண்டுவோர் சிலர். வரப்பைத் தாண்டாதார் எவர்?

பாப்பிரெட்டிப்பட்டி சேர்வராயன் மலையின் அடிவாரத்து ஊர். மலையிலிருந்து இறங்கும் வாணியாறு பாய்கிற இடங்களில் மஞ்சளும் கரும்பும் நெல்லும் விளையும். அந்நீர் எட்டாத மேட்டு நிலங்களுக்கு மழையும் கிணறுமே துணை. அத்தகைய நிலத்துக்காரருக்குப் புளியமரம் ஒரு சேமிப்பு. விதைத்து, நீரூற்றி, காத்திருந்து பெறும் செல்வம் அது. தை பிறந்தபின் புளி உலுக்கும் நாட்களில் எத்தனையோ குடும்பங்களின் கடன் தீர்வதும், பிள்ளைகளின் படிப்புச் செலவு நடப்பதும் இம்மரங்களாலேயே.

எங்கள் பாட்டனார் வைத்த மூன்று புளியமரங்கள் எங்கள் மேட்டு நிலத்தின் வரப்போரம் நின்றன. சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில் நான் வெளியூர் சென்றிருந்தபோது, அண்டை நிலத்தார் அம்மூன்றையும் அடியோடு வெட்டிச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டார். திரும்பி வந்து கேட்டேன். "வரப்பு என்னுடையது வாத்தியாரே; நிழல் விழுந்து என் மஞ்சள் பாழாகிறது; எத்தனை நாள் பொறுப்பது?" என்றார். அவர் பெயர் இங்கே வேண்டாம். கெட்டவர் என்று ஊரில் எவரும் சொல்லாத மனிதர் அவர்.

செய்தி பரவியதும் இருவகை அறிவுரைகள் வந்தன. இளைஞர் சிலர் இதை இரு நிலத்தாரின் வழக்காகப் பாராமல், இரு சமூகத்தாரின் வழக்காக ஆக்க முனைந்தனர். "நாம் சும்மா இருந்தால் நாளை எல்லாரும் ஏறி மிதிப்பார்கள்" என்றனர். வரப்புத் தகராறு வரப்போடு நிற்க வேண்டும், அதைத் தெருவுக்குக் கொண்டுவருவோர் வெட்டுண்ட மரத்தைத் திருப்பித் தரப்போவதில்லை என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். பெரியோர் சிலர், "மன்னித்துவிடுங்கள், அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவான்" என்றனர். கேட்க இனிய சொல். ஆயினும் அதற்கும் நான் உடனே இசையவில்லை. அந்த மரங்கள் என் ஒருவனுடையவை அல்ல.

இங்கே சற்று நின்று, மரம் வெட்டுதல் என்பது எவ்வளவு பழைய வழக்கு என்பதைப் பார்ப்போம். ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில், பிறன் தோட்டத்து மரத்தை அவன் அனுமதியின்றி வெட்டியவன் அரை மினா வெள்ளி தர வேண்டும் என்று விதி உண்டு. அது இன்றைய நிறையில் ஏறத்தாழக் கால் கிலோ. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் உரோமர் வகுத்த பன்னிரு பலகைச் சட்டம், முறையின்றி வெட்டிய மரம் ஒவ்வொன்றுக்கும் 25 செப்புக் காசு தண்டம் விதித்தது. நம் சங்க காலத்தில் பகையரசனின் காவல் மரத்தை வெட்டுவது அவனையே வீழ்த்துவதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது. கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டு ஆற்றங்கரைச் சோலைகளை வெட்டியபோது, அக்கோடரி ஓசை அரண்மனைக்குள் இருந்த அரசனுக்குக் கேட்டதைப் புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் பாடியிருக்கிறார்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் திருட்டை விளக்க எடுத்துக்கொண்ட முதல் உதாரணமே பிறர் நிலத்து மரம்தான். மண்ணோடு ஒட்டி நிற்கும்வரை மரம் அசையாப் பொருள். கவர்ந்து செல்லும் எண்ணத்தோடு வெட்டப்பட்ட நொடியிலேயே திருட்டு நிறைவாகிவிடுகிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 303ஆம் பிரிவில் அதே உதாரணத்தை வைத்திருக்கிறது. எனவே, "மரம்தானே!" என்று எவரும் இலேசாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் மரம் யாருடையது என்று தெரிய வேண்டுமல்லவா? அண்டை நிலத்தார் வரப்பு தம்முடையது என்கிறார். நாங்கள் எங்களுடையது என்கிறோம். இருவரும் சத்தியம் செய்ய ஆயத்தமாக இருந்தோம். சத்தியத்தைவிடச் சங்கிலி நல்லது என்று எனக்குத் தோன்றியது. வரப்பு ஆண்டுதோறும் அண்டை கழிக்கும்போது மண்வெட்டிக்கு மண்வெட்டி நகரக்கூடியது. அரசின் நில அளவைக் கல் நகராது. நகர்ந்திருந்தாலும் புலப்படத்தில் அதன் இடம் அளவோடு குறிக்கப்பட்டிருக்கும். 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை. பட்டாவையும் புலப்பட நகலையும் எடுத்துக்கொண்டு, எல்லையை அளந்து காட்டும்படி வட்ட அலுவலகத்தில் கட்டணம் கட்டி மனுச் செய்தேன். அண்டை நிலத்தாருக்கும் முறைப்படி அறிவிப்புச் சென்றது. அதற்குள் அடிமரங்களை எவரும் தோண்டி எடுக்காதபடி பார்த்துக்கொண்டோம். அவற்றின் சுற்றளவை அளந்து குறித்து, நிழற்படமும் எடுத்து வைத்தோம். அடிமரமே இத்தகைய வழக்கில் முதற்சாட்சி.

நில அளவர் வந்தார். முட்புதருக்குள் புதைந்திருந்த கல் வெளிப்பட்டது. இரண்டு அடிமரங்கள் முழுவதும் எங்கள் நிலத்தில் இருந்தன. மூன்றாவது சரியாக எல்லைக் கோட்டின் மேல் நின்றது. அஃது இருவருக்கும் பொது. ஆகவே எங்களுடையவை இரண்டரை மரங்களே. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் வருத்தம். அளவு என்பது நம் பக்கம் மட்டும் சாயும் தராசாக இருந்தால் அதற்குப் பெயர் அளவன்று. ஒரு சாண் நிலத்தை அநியாயமாகக் கவர்ந்தவன் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாகும் என்ற எச்சரிக்கையை அறிவித்தவர் ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள். அண்டை நிலத்தைப் பிடித்துக்கொண்டதாக ஒரு பெண் அவர்கள்மீதே வழக்குத் தொடுத்த வேளையில்தான் அந்த நபிமொழியை எடுத்துரைத்தார்கள். இது நம்மவர்க்கும் பொருந்தும், பிறர்க்கும் பொருந்தும்.

இனி மன்னிப்புக்கு வருவோம். எங்கள் அத்தாவுக்குப் பின் நிலம் பாகமாகவில்லை. இரு ஆண்மக்கள், ஒரு மகள். ஆகவே ஐந்தில் இரண்டு, இரண்டு, ஒன்று. அண்ணன் மறைந்துவிட்டார். அவர் பங்கில் அண்ணிக்கு எட்டில் ஒன்று. மீதி பருவமடையாத அவர் பிள்ளைகளுக்கு. அப்படியானால் வெட்டுண்ட ஒவ்வொரு மரத்திலும் என் உரிமை ஐந்தில் இரண்டு மட்டுமே. அதை நான் மன்னிக்கலாம். அதற்கு நன்மையும் நாடலாம். அநாதைகளின் பங்கை மன்னிக்க நான் யார்? அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்போர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகின்றனர் என்று மறை எச்சரிக்கிறது. நாமே உண்ணாமல், பிறர் உண்ண வாரிவிடுவதும் அவர்களுக்கு இழப்பன்றோ? ஊர் மெச்சப் பெருந்தன்மை காட்டிப் பிறர் பங்கைத் தானம் செய்வது ஈகையாகாது. நம் குடும்பங்களில் சகோதரிகளின் பங்கு கரைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். "அண்ணன் சொன்னால் சரி" என்று அவர்கள் வாயால் வரவழைத்துவிடுகிறோம். என் தங்கையிடம் தனியே கேட்டேன். தன் பங்கு தனக்கு வேண்டும் என்றாள். அஃது அவள் உரிமை. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அண்டை நிலத்தாரின் குறையையும் ஒதுக்கிவிடலாகாது. நிழல் விழுந்து மஞ்சள் நலிந்தது உண்மைதான். நம் நிலத்தில் தாண்டி வரும் கிளைக்கு முதலில் உடையவரிடம் சொல்லச் சொல்கின்றனர் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட வல்லார். அவர் மறுத்தால் கிளையை விலக்கலாம், வேறு வழியில்லையேல் வெட்டலாம். அதுவும் எல்லை வரை. அடிமரத்தைத் தொட அதில் இடமில்லை.

சுனன் அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்துக்குள் ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அவர்களுக்குச் சில பேரீச்சமரங்கள் இருந்தன. அவற்றைப் பார்க்க அவர் வந்து போவது அவ்வீட்டாருக்கு இடையூறாயிற்று. வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. விற்றுவிடச் சொன்னார்கள், மறுத்தார். மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தார். நற்கூலிக்காக அன்பளிப்பாகக் கொடுக்கச் சொன்னார்கள், அதற்கும் மறுத்தார். அதன் பின்னரே அம்மரங்களைப் பிடுங்கிவிடத் தீர்ப்பளித்தார்கள். இதன் அறிவிப்புத் தொடரில் அறிஞர்களுக்குப் பேச்சு உண்டு. எனினும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் 32ஆவதாக நிற்கும், தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்கு ஈடாகத் தீங்கு செய்யவும் கூடாது என்ற பொதுவிதிக்கு இஃது இசைந்தே இருக்கிறது. மூன்று சமரச வாயில்கள் அடைபட்ட பின்பே கோடரிக்கு முறை வந்தது; அதுவும் நீதி வழங்குவோர் ஆணையால் வந்தது. எங்கள் அண்டை நிலத்தார் ஒரு வாயிலையும் தட்டாமல் கோடரியை எடுத்தார். அவர் குறை உண்மை. அவர் வழி தவறு.

மரத்துக்கு என்ன விலை? சூளைக்காரர் கொடுத்தது முப்பதாயிரம் ரூபாய். அது விறகின் விலை. ஆண்டுதோறும் காய்க்கும் மரத்துக்கு விறகு விலை கொடுப்பது, கறவைப் பசுவுக்குத் தோல் விலை கொடுப்பதை ஒக்கும். இங்கே எனக்கு வழிகாட்டியது அல்அன்பியா அத்தியாயத்தின் 78, 79ஆம் வசனங்கள் குறிப்பிடும் வழக்கு. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் பிறர் விளைநிலத்தில் மேய்ந்துவிட்டன. அது திராட்சைத் தோட்டம் என்பார்கள் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள். ஆடுகளைத் தோட்டக்காரருக்கே கொடுத்துவிடத் தீர்ப்பளித்தார்கள் தாவூத் (அலை) அவர்கள். ஸுலைமான் (அலை) அவர்கள் வேறொன்று கூறியதாக விரிவுரையாளர் உரைப்பர். ஆட்டுக்காரர் தோட்டத்தைப் பழைய நிலைக்கு வளர்த்துத் தரட்டும். அதுவரை ஆடுகளின் பாலும் ரோமமும் தோட்டக்காரர் பெறட்டும். பின்னர் அவரவர் பொருள் அவரவரிடம் சேரட்டும். இருவருக்கும் ஞானம் அருளியதாகவே மறை சொல்கிறது. எனினும் அவ்வழக்கை ஸுலைமான் (அலை) அவர்களுக்கு விளங்க வைத்ததாகத் தனித்துக் கூறுகிறது. அழிந்ததை வளர்த்துத் தருவதே அழித்தவர்க்கு ஏற்ற கடமை என்பதை இதில் கண்டேன்.

ஊர்ப் பெரியவர்கள் இரு தரப்பிலிருந்தும் அமர்ந்தனர். பொதுமரத்தில் அவர் பாதிக்குரிய ஐயாயிரத்தை அவரே வைத்துக்கொண்டார். மீதி இருபத்தையாயிரத்தில் தங்கைக்கு ஐயாயிரம், அண்ணன் குடும்பத்துக்குப் பத்தாயிரம் கைக்கு வந்தது. அண்ணிக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது போக, எஞ்சியது பிள்ளைகள் பெயரில் வங்கியில் இடப்பட்டது. என் பங்கான பத்தாயிரத்தை நான் விட்டேன். ஐந்து ஒட்டுப் புளியங்கன்றுகளை அவர் வாங்கி நட்டு, தம் கிணற்று நீரையே பாய்ச்ச ஒப்பினார். விதைக் கன்று காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். அதுவரை அவர் கிணற்றடிப் புளியமரங்களில் ஒன்றின் காய் எங்களுக்கு. எங்கள் தரப்பில், நிழல் அவர் மஞ்சளில் விழாதபடி வரப்பிலிருந்து இருபது அடி உள்ளே கன்றுகளை நட இடம் கொடுத்தோம். எல்லாவற்றையும் முத்திரைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டோம். கடனைக் கூட எழுதி வைக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது; எழுதுவதால் நட்புக் குறையாது.

அவர் இசைந்திராவிட்டால்? வழி அடைபட்டுவிடாது. காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ஏற்புச் சான்று பெறலாம். அத்துமீறலுக்கு இழப்பீடு கோரும் வழக்கை 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்கலாம். தயங்கித் தயங்கி அக்கெடுவைக் கடத்திவிடுவோர் பலர். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகினால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கு எழுதப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகர். அதன்மேல் முறையீடு இல்லை. உரிமையை முறைப்படி கேட்பது பகைமையாகாது. கேட்காமல் உள்ளே புழுங்குவதே பிற்காலத்தில் பகையாக முளைக்கிறது.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரும் பறவையும் விலங்கும் உண்பதெல்லாம் அவருக்குத் தர்மமாகும் என்பதை யாவரும் அறிவோம். ஸஹீஹ் முஸ்லிமின் ஓர் அறிவிப்பில், அதிலிருந்து திருடப்பட்டதும் அவருக்குத் தர்மமே என்று வந்துள்ளது. இது திருடுவோர்க்கு அனுமதியன்று, நட்டவர்க்கு ஆறுதல். எங்கள் பாட்டனாரின் கணக்கில் அம்மூன்று மரங்களும் குறையாமல் எழுதப்பட்டிருக்கும் என்று நம்புகிறோம். குறைந்தது உயிரோடிருக்கும் வாரிசுகளின் கணக்கில்தான். அதை நேர் செய்யும் கடமை மறுமைக்கு ஒத்திவைக்கத் தக்கதன்று. அளந்து, பங்கிட்டு, நட்டு, நீரூற்றி இங்கேயே முடிக்க வேண்டியது.